சித்தி வாங்கிய லென்ஸ் பெட்டி

குழு: நம் வீட்டார்

சனிக்கிழமை

சித்தி: வந்துவிட்டது! கைப்பேசியில் கிளிப் போல மாட்டுகிற லென்ஸ். அகலக்கோணம் ஒன்று, மீன்விழி ஒன்று, சின்னப் பொருளைக் கிட்டே போய் எடுக்கிற மேக்ரோ ஒன்று.

சித்தி: [படம்]

மாமா: அக்கா, முன்பு ஒரு வட்ட விளக்கு வந்ததே, அது எங்கே?

சித்தி: யாழினி அந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறாள். வாங்கியது வீண் போகவில்லை. நீ உன் வேலையைப் பார்.

பெரியப்பா: படம் பார்த்தேன். கதவு ஏன் வளைந்து நிற்கிறது?

நான்: மீன்விழி அப்படித்தான் காட்டும், பெரியப்பா. எல்லாருடைய மூக்கையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

நான்: அகலக்கோணம் இப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளேயே இருக்கிறது. சித்தி, மேக்ரோவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் உருப்படி அது ஒன்றுதான்.

சித்தி: அதில்தான் எதுவுமே தெரியவில்லை. வெறும் மங்கல்.

நான்: எவ்வளவு தள்ளிப் பிடித்தீர்கள்?

சித்தி: ஒரு சாண் இருக்கும்.

நான்: சாண் கணக்கு ஆகாது, விரல் கணக்கு. லென்ஸ் பொருளில் இடித்துவிடுமோ என்று பயம் வர வேண்டும், அங்கேதான் தெளிவு கிடைக்கும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு, கைப்பேசியையே மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரையைத் தட்டித் தட்டித் தேடாதீர்கள்.

நான்: இன்னொன்று. பின்பக்கம் மூன்று கேமரா இருக்கிறதே, எதன்மேல் மாட்டினீர்கள்?

சித்தி: அழகாகப் பொருந்தியதன்மேல்.

மாமா: இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்.

நான்: கேமராவைத் திறந்து வைத்து, பின்னால் ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடினால் திரை இருட்டாகிறதோ அதன்மேல்தான் மாட்ட வேண்டும். தானியங்கி மேக்ரோ வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கிட்டே போனதும் அது சொல்லாமல் கொள்ளாமல் வேறு கேமராவுக்குத் தாவிவிடும்.

சித்தி: [படம்]

சித்தி: உப்பு!!! ஒவ்வொரு துணுக்கும் கனசதுரம்! சிலவற்றின் முனை மழுங்கியிருக்கிறது. இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை நாள் இதைத் தூள் என்றா சொல்லிக்கொண்டிருந்தோம்?

யாழினி: நான் சர்க்கரை எடுத்தேன் பெரியப்பா. அது இப்படிச் சதுரமாக இல்லை. பக்கமெல்லாம் சாய்ந்திருக்கிறது.

பெரியப்பா: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூதக்கண்ணாடி வைத்தாலும் இது தெரியுமே. இதற்கொரு பெட்டி வாங்க வேண்டுமா?

நான்: பூதக்கண்ணாடியும் வேண்டாம் பெரியப்பா, ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கேமராவின் கண்ணாடிமேல் குச்சி நுனியால் சின்னத் துளி ஒன்று வையுங்கள். பிறகு சட்டென்று திருப்பாமல் மெதுவாகக் கைப்பேசியைக் கவிழுங்கள். துளி சின்னதாக இருந்தால் விழாமல் தொங்கும். வளைந்த தண்ணீரும் லென்ஸ்தான்.

நான்: ஆனால் கண்ணாடியைத் தாண்டித் தண்ணீர் போகக் கூடாது. பழைய கைப்பேசி இருந்தால் அதில் முயலுங்கள்.

பெரியப்பா: என்னிடம் இருப்பதே பழைய கைப்பேசிதான்.

பெரியம்மா: இவர் கண்மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். பெட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டவர்.

மாமா: அத்தான், லென்ஸுக்கும் கண்மருந்தா?

பெரியப்பா: குப்பி காலி. தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: செய்தித்தாளில் ஒரு முகத்தின்மேல் வைத்தேன். முகத்தைக் காணவில்லை. புள்ளிகள் மட்டும்தான். வெளிர்நீலம், ரோஜா நிறம், மஞ்சள், கறுப்பு. கன்னம் இருந்த இடத்தில் ரோஜாப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் கலந்து கிடக்கின்றன. தோல் நிறம் என்று ஒரு மையே இல்லை.

நான்: அச்சில் அந்த நான்கு மைதான் பெரியப்பா. மீதியைக் கலந்துகொள்வது நம் கண்.

யாழினி: நானும் சொட்டு வைத்து அம்மாவின் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தைத்தான் திறந்து வைத்தேன். ஆனால் வெள்ளையே இல்லை! சிவப்பு, பச்சை, நீலம், சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாகக் கோடுகள்.

பெரியப்பா: அங்கே மஞ்சள் இல்லையா?

யாழினி: இல்லவே இல்லை. மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். சிவப்பும் பச்சையும் எரிகின்றன, நீலம் மட்டும் அணைந்திருக்கிறது.

நான்: அதுதான் வித்தியாசம். மை வெளிச்சத்தை விழுங்கும், திரை வெளிச்சத்தைத் தரும். அதனால்தான் இரண்டுக்கும் வேறு வேறு அடிப்படை நிறங்கள். உன் கைப்பேசிக் கேமராவுக்குள்ளும் இதே மூன்று நிற வடிகட்டிகள் சதுரம் சதுரமாக இருக்கின்றன. சிவப்பு ஒரு பங்கு, நீலம் ஒரு பங்கு, பச்சை மட்டும் இரண்டு பங்கு. கோடாக் நிறுவனத்தில் இருந்த புரூஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் பச்சையில்தான் கூர்மையாகப் பிடிக்கிறது, அதற்காக அந்தச் சலுகை.

மாமா: சனிக்கிழமையும் வகுப்பு வைக்கிறீர்கள்.

பெரியப்பா: நீ பேசாமல் இரு. கவின், ஒற்றைக் கண்ணாடியில் இவ்வளவு தெரியுமென்றால் நுண்ணோக்கி எதற்கு?

நான்: நெதர்லாந்துக்காரர் லீவன்ஹூக் 1670களில் தண்ணீருக்குள் நுண்ணுயிர்களைப் பார்த்ததே ஒற்றை லென்ஸில்தான், பெரியப்பா. கடுகளவுக் கண்ணாடி, அவரே தேய்த்துச் செய்தது. இப்போதும் அதே வழியில் காகிதத்தை மடித்துச் செய்கிற நுண்ணோக்கி இருக்கிறது. ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கியது. 140 மடங்கு பெரிதாகக் காட்டும், காந்தத்தால் கைப்பேசியோடு ஒட்டிக்கொண்டு படமும் எடுக்கலாம்.

சித்தி: பெயரை இன்னொரு முறை எழுது.

மாமா: ஐயோ, கவின்.

மாமா: சரி, உங்கள் ஆராய்ச்சிக்கு நடுவே இதைப் பாருங்கள். நான் 20 வயதில்.

மாமா: [படம்]

பெரியம்மா: 20 வயதிலும் உனக்கு இவ்வளவு முடி இல்லையே.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

யாழினி: நான் சேமித்துவிட்டேன்.

நான்: மாமா, வயதைக் குறைக்கிற செயலியா? அதற்கு எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கொடுத்தீர்களா?

மாமா: கேட்டது, கொடுத்தேன். நல்லவன் அப்படித்தான் செய்வான்.

நான்: அமைப்புகளுக்குள் போய், தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இந்த மாதிரிச் செயலிகள் பல, படத்தைத் தங்கள் கணினிக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. ஒரு படத்தின் வேடிக்கைக்கு முழு ஆல்பத்தையும் திறந்துவிட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா: கவின், பழைய ஆல்பத்தைப் படம் எடுத்தால் நடுவில் வெள்ளையாக ஒளி அடிக்கிறது. எப்படித் திருப்பினாலும் போகவில்லை.

நான்: போட்டோஸ்கேன் என்று கூகுள் 2016-இல் விட்ட செயலி ஒன்று இருக்கிறது, பெரியம்மா. ஒரு படத்துக்கே நான்கு புள்ளிகளைக் காட்டி, கைப்பேசியை அங்கங்கே நகர்த்தச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் ஒளி வேறு இடத்தில் விழும் அல்லவா? விழாத பகுதிகளைப் பொறுக்கிச் சேர்த்துவிடும்.

நான்: செயலி வேண்டாமென்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். தலைக்கு மேல் விளக்கு எரியக் கூடாது.

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: வந்துவிட்டது! நாங்கள் மூன்று பேரும் அம்மாவும் வாசல்படியில். என் இடுப்பில் இருப்பது உங்கள் மாமா.

சித்தி: அக்கா, இந்தப் படத்தையா இவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்தாய்? இரு, வருகிறேன்.

சித்தி: [படம்]

சித்தி: நிறமூட்டும் செயலியில் போட்டேன். எப்படி?

மாமா: எனக்கு ரோஜா நிறத் தொப்பி. நன்றி.

பெரியம்மா: நன்றாக இருக்கிறது. ஆனால் என் கவுன் நீலம் இல்லையே, அரக்கு. அம்மா தைத்தது. தைத்து மிஞ்சிய துணியில் உனக்கு ஒரு பை கூடத் தைத்தாள்.

சித்தி: செயலிக்கு எப்படித் தெரியும்?

பெரியம்மா: தெரியாதென்றால் ஏன் இவ்வளவு உறுதியாகப் பூசியிருக்கிறது?

நான்: கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் பதிவாகும், பெரியம்மா. அரக்கும் கருநீலமும் ஒரே சாம்பலாக விழலாம். செயலி தான் பார்த்துப் பழகிய ஏராளமான படங்களை வைத்து, இப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. புல், வானம், தோல் என்றால் ஓரளவு சரியாக வரும். துணிக்கும் சுவருக்கும் பிடிமானமே கிடையாது.

பெரியப்பா: அப்படியானால் அந்தப் பிரதியில் 'நிறம் ஊகம்' என்று எழுதி வைக்க வேண்டும். 20 வருடம் கழித்து யாழினி நீலக் கவுன் என்றுதான் சொல்வாள்.

சித்தி: எழுதுங்கள் அத்தான், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? நிறம் வந்ததும் அம்மா முகம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. எனக்கு அது போதும்.

பெரியம்மா: எனக்குப் போதாது. நான் அந்தக் கவுனைப் போட்டவள்.

நான்: இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மூலப்படத்தில் கீறல்களை மட்டும் ஸ்னாப்சீட் செயலியில் நீக்கித் தருகிறேன். இலவசம்தான், பழுதுநீக்கும் கருவி அதிலேயே இருக்கிறது. முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன். பெரியம்மா, இங்கே படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.

மாமா: அப்படியென்றால் எல்லாப் படத்தையும் ஆவணமாகவே அனுப்பிவிடலாமே.

நான்: வீட்டாருக்கு அனுப்பலாம். வெளியாருக்கு வேண்டாம். ஆவணமாகப் போனால் எடுத்த நேரமும் இடமும் படத்தோடு சேர்ந்தே போகும்.

சித்தி: அக்காவுக்காகக் கேட்கிறேன், சின்னப் படங்களாக அச்சடிக்கிற கையடக்கக் கருவி வாங்கலாமா?

மாமா: அக்காவுக்காக!

நான்: இரண்டு வகை இருக்கிறது, சித்தி. ஒன்று ஜிங்க். கருவியில் மையே கிடையாது, நிறப் படிகங்கள் தாளுக்குள் இருக்கும், சூடு பட்டதும் நிறம் வரும். ஒட்டுவதற்கும் குறிப்பேட்டுக்கும் நல்லது. இன்னொன்று இன்ஸ்டாக்ஸ் வகை. அது உண்மையான ஃபிலிம், உள்ளே வெளிச்சம் காட்டி வெளியே தள்ளும், சில நிமிடங்களில் படம் மெல்ல எழும். நிறம் கொஞ்சம் மென்மையாக இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

யாழினி: வெளியே வந்ததும் உதற வேண்டுமாமே?

பெரியப்பா: உதறாதே. ரசாயனம் உள்ளேயே மூடியிருக்கிறது, காற்றுப் பட்டுக் காய வேண்டியது ஒன்றும் இல்லை. உடனே படம் தரும் போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லாண்டின் சின்னப் பெண், எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று 1943-இல் கேட்டாள். அந்தக் கேமரா விற்பனைக்கு வந்தது 1948-இல். அத்தனை காலம் காத்திருந்து வந்ததற்கு நீ சில நிமிடம் காத்திருக்கலாம்.

மாமா: அத்தானும் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

யாழினி: கவின் அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். அழிப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து, அது நடக்கிற மாதிரி ஸ்டாப் மோஷன் செய்கிறேன். 10 விநாடிக்கு எத்தனை படம் வேண்டும்?

நான்: விநாடிக்கு 12 வைத்தால் 120. வேகமாக ஓடுகிற இடம் இல்லையென்றால் 12 போதும்.

யாழினி: எடுத்துப் பார்த்தால் வெளிச்சம் மினுக்மினுக்கென்று மாறுகிறது.

நான்: ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்கிடுகிறது. திரையில் அழிப்பான்மேல் விரலை அழுத்திப் பிடி, பூட்டு வரும். ஜன்னலை மூடிவிட்டு அந்த வட்ட விளக்கில் எடு. வெயில் உனக்காக நிற்காது.

சித்தி: பார்த்தாயா தம்பி, வட்ட விளக்கு!

நான்: பொத்தானைத் தொட்டால் கைப்பேசி அசையும். கம்பி வைத்த இயர்போன் இருந்தால் செருகி, அதன் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் பார். நிறையக் கைப்பேசிகளில் அதுவே படம் எடுக்கும்.

பெரியப்பா: கவின், இதற்கும் பதில் சொல். புத்தக அலமாரியைக் கண்ணாடிக் கதவு வழியாக எடுத்தால் நான்தான் தெரிகிறேன்.

நான்: உங்கள் கறுப்புக் கண்ணாடி, பிரதிபலித்து வரும் ஒளியைத் தடுக்கிற போலரைஸ்டு வகையா? மடிக்கணினித் திரைக்கு முன்னால் பிடித்துச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்தால் அந்த வகைதான். பிறகு அதையே கேமராவுக்கு முன்னால் வைத்துச் சுழற்றுங்கள். நேராக நின்றால் பயன் இல்லை, கதவுக்குச் சாய்வாக நில்லுங்கள்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: நான் போய்விட்டேன். புத்தகம் மட்டும் தெரிகிறது.

பெரியம்மா: நிஜத்தில் இன்னும் அலமாரி முன்னால்தான் நிற்கிறார்.

பெரியப்பா: ஆனால் வெள்ளிக் கோப்பையில் அடிக்கிற பளபளப்பு அப்படியே இருக்கிறதே.

நான்: உலோகத்தில் இந்த வித்தை செல்லாது. கண்ணாடி, தண்ணீர், ஈர இலை, இவற்றில் செல்லும்.

யாழினி: [காணொளி]

யாழினி: முடித்துவிட்டேன்!! அழிப்பான் பென்சிலைத் துரத்துகிறது.

மாமா: அருமை. நடுவில் ஒரு கை வந்து போகிறதே?

யாழினி: அது வில்லன்.