கானோடெர்மா தட்டில் பச்சைப் பூஞ்சை, யாராவது கைகொடுங்கள்

வணக்கம். கோலாலம்பூரில் தாவர நோயியல் முதுகலை, இரண்டாம் செமஸ்டர். செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சையை ஆறு வாரமாகத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

மாதிரி, குவாலா சிலாங்கூர் பக்கம் மாமா வேலை பார்க்கும் எஸ்டேட்டில், மரத்தடியில் அடுக்கடுக்காக முளைத்திருந்த காளான். பிடிஏ (உருளைக்கிழங்குச் சாறு கலந்த வளர்ப்பு ஊடகம்) தட்டு, 28 டிகிரி. இரண்டாம் நாள் வெள்ளை இழை தெரியும்; அப்பாடா என்றிருக்கும். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கப் பச்சைத் தூள். டிரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சைதான், நுண்ணோக்கியில் பார்த்துவிட்டேன்.

மாதிரியை 10 சதவீத குளோராக்ஸ் ப்ளீச்சில் இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். 70 சதவீத எத்தனாலும் ஆயிற்று. வெளித்தோலைச் சீவி உள்சதையை மட்டும் வைத்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் கலந்தேன், அது பாக்டீரியாவைத்தான் தடுக்கும் என்பது பாட்டில் காலியான பிறகுதான் உறைத்தது. லேமினார் ஃப்ளோவில் (வடிகட்டிய காற்று வீசும் வேலைமேடை) வெறும் தட்டைத் திறந்து வைத்தும் பார்த்தேன், சுத்தமாகவே இருக்கிறது. ஆக, மாதிரியோடுதான் வருகிறது.

சூப்பர்வைசர் பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊடகத்தில் போடச் சொல்கிறார். லேபில் இருப்பதோ அதே வகைப் பூஞ்சைக்கொல்லியான கார்பென்டசிம் மட்டும். அதைக் கலந்து கானோடெர்மா பிரித்தவர்கள், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் போட்டீர்கள்?