ஒழுங்கைக்கு முதலில் கொங்கிறீட்டா, வாய்க்காலா?

வடலி:
எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடப் பிரதேச சபை தீர்மானித்துவிட்டது என்று போன ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் வட்டார உறுப்பினர் சொன்னார். தரம் பிரிக்காத குப்பையை இனி வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்ற அறிவித்தலும் அங்கே ஒட்டியிருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்ததால் ஒன்றும் முடிவாகவில்லை. இங்கே ஆறுதலாகக் கதைப்போம்.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். வெள்ளவாய்க்காலைத் திறக்காமல் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடக்கூடாது.

நான் இருப்பது ஒழுங்கையின் பள்ளப் பக்கம். 2008இல் நிஷா புயல் மழைக்கு எங்கள் வீட்டில் வெள்ளம் இரண்டு நாள் நின்றது. 2020 டிசம்பரில் புரெவிக்கு நான்கு நாள். 2025 நவம்பரில் டித்வாவுக்கு எட்டு நாள். நிஷா நேரம் இங்கே கொட்டிய மழை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அப்போது வடிந்த தண்ணீர் இப்போது ஏன் வடியவில்லை? அப்பா காலத்தில் சந்தி மதகால் போய்க் குளத்தில் விழுந்த வாய்க்கால், இன்று பதினொரு கேற்றுகளுக்குக் கீழே நுழைந்து, ஒரு வெறும் வளவுக்குள் போய்க் காணாமற் போகிறது. வீடு துப்புரவாக்க அரசாங்கம் தந்த 25,000 ரூபாய் கிணறு இறைக்கவும் இரண்டு மெத்தை வாங்கவும் சரியாக இருந்தது. பிள்ளைகளின் புத்தகங்கள் போனது போனதுதான்.

கொங்கிறீட் போட்டால் ஒழுங்கை அரை அடி உயரும். அந்த அரை அடித் தண்ணீரும் எங்கள் விறாந்தைக்குத்தான் வரும்.

மேட்டுவளவு:
தங்கச்சி, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அந்த எட்டு நாளும் நானும் வந்து பார்த்தேன். ஆனால் என் வீட்டையும் பாருங்கள். அம்மாவுக்கு 78 வயது. கிழமைக்கு இரண்டு தரம் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் குழிகளைக் கண்டு எந்த ஓட்டோவும் உள்ளே வருவதில்லை. நானும் மகனும் கதிரையில் இருத்திச் சந்திவரை தூக்கிக்கொண்டு போகிறோம். போன மாதம் மகன் வழுக்கி விழுந்து, அம்மாவின் கை சிராய்ந்தது.

பதினைந்து வருடமாகக் கேட்டு இப்போதுதான் காசு ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வருடத்துக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போகும், பிறகு வேறு வட்டாரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வாய்க்கால் என்று தொடங்கினால் அளவை, எல்லைத் தகராறு, வழக்கு என்று போய் ரோட்டும் இல்லை, வாய்க்காலும் இல்லை என்று நிற்போம். முதலில் ரோட்டைப் போடட்டும்.

இன்னொன்று. கேற்றுக்கு முன்னால் சிலாப் போட்டவர்களில் நானும் ஒருவன். 2012இல் மதில் கட்ட அனுமதி எடுத்துத்தான் கட்டினேன். களவாக ஒன்றும் செய்யவில்லை.

பழைய தொ.உ.:
நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன், வேறு மாவட்டத்தில்தான் கூடக் காலம் வேலை செய்தேன். தம்பி மேட்டுவளவு சொன்னதில் ஒரு திருத்தம். மதிலுக்கு எடுக்கும் அனுமதி, வாய்க்காலை மூட எடுக்கும் அனுமதி ஆகாது. வளவுக்குள் போகச் சிலாப் போடலாம், ஆனால் கீழே தண்ணீர் போகிற அளவைக் குறைக்கக்கூடாது.

கணக்கைப் பாருங்கள். பழைய வாய்க்கால் இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம். அதன் வாய் 432 சதுர அங்குலம். இந்த ஒழுங்கையில் சிலாப்புக்குக் கீழே வைத்திருப்பது ஆறு அங்குலக் குழாய், அதன் வாய் ஏறத்தாழ 28 சதுர அங்குலம். பதினைந்து பங்காக ஓடவேண்டிய தண்ணீருக்கு ஒரு பங்கு வழி விட்டிருக்கிறீர்கள். அதிலும் ஒரு சொப்பிங் பை போய்ச் சிக்கினால் அந்த ஒரு பங்கும் இல்லை.

அதற்காக ரோட்டைப் போடவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தங்கச்சியும் இதைக் கவனிக்கவேண்டும். கொங்கிறீட் என்றால் கட்டாயம் அரை அடி உயரவேண்டும் என்று சட்டம் இல்லை. பழைய மேற்பரப்பை வெட்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போடலாம். ஆனால் மட்டத்தை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சந்தி மதகின் அடிமட்டத்தை எடுத்து, அங்கிருந்து மேலே வரவேண்டும். பல இடங்களில் மேட்டுப் பக்கத்தில் தொடங்கிக்கொண்டு வந்து, பள்ளத்தில் என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். வேலை தொடங்க முதல் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போதும், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும்.

அந்தச் சந்தி மதகு பிரதான வீதிக்குக் கீழே இருக்கிறது. அந்த வீதி சபைக்குரியது இல்லை, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. சபை ஒழுங்கையை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மதகு அடைத்திருந்தால் பலன் இல்லை. அவர்களுக்கும் தனியாகக் கடிதம் போகவேண்டும்.

தோட்டக்காரன்:
எல்லோரும் தண்ணீரை வெளியே அனுப்புவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு அதில் பயம் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறு இருக்கிறது, அதுவும் மாரிக்கு மட்டும். மற்றதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீர். அது கடல் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. இறைத்ததற்கு ஏற்ற அளவு மாரியில் இறங்காவிட்டால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டியது கடல் உள்ளே வராமல், மழைத் தண்ணீர் வீணாக வெளியே போகாமல் இருக்கத்தானே.

வாய்க்காலைத் திறவுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அது குளத்தில் விழவேண்டும், குளம் நிரம்பிய பிறகு மிச்சம் போகவேண்டும். இப்போது குளத்தின் கால்வாசி கட்டிட இடிபாட்டுக் குவியல். யாழ் நகரத்து ஆரியகுளத்தைத் துப்புரவாக்கியபோது எல்லோரும் போய்ப் படம் எடுத்தோம். எங்கள் ஊர்க் குளம் சந்தியிலிருந்து ஐந்து நிமிட நடைதான். அங்கே கடைசியாக யார் போனீர்கள்?

சந்திக்கடை:
குளம், வாய்க்கால் எல்லாம் சரி. குப்பை அறிவித்தலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அந்த அறிவித்தல் நியாயம் இல்லை. வண்டி கிழமைக்கு ஒரு தரம், மழை என்றால் அதுவும் இல்லை. பெரிய வளவு உள்ளவர்கள் வாழையடியில் வெட்டித் தாட்டுவிடலாம். நாங்கள் இரண்டு பரப்புக் காணியில் நான்கு குடும்பம் இருக்கிறோம். மீன் செதிலை ஏழு நாள் எங்கே வைப்பது? ஏற்ற மாட்டோம் என்று வண்டி போனால் அந்தப் பை இரவில் வாய்க்காலுக்குள்தான் போகும். செய்கிறவர்களை நான் சரி என்று சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொல்கிறேன். பிரதேச சபைகள் சட்டத்தில் குப்பை அகற்றுவது சபையின் கடமை. ஆதன வரி கட்டுகிறோம். கடமையைச் செய்ய எங்களுக்கு நிபந்தனை போட முடியாது.

விடியற்காலை:
சந்திக்கடை அக்கா, என் அப்பா குப்பை வண்டியில் வேலை செய்கிறார். பதினேழு வருடம். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

ஒரே பைக்குள் உடைந்த போத்தல், பிள்ளையின் பம்பஸ், மீன் தலை, ஊசி எல்லாம் இருக்கும். பையைத் தூக்கும்போது அடி கிழிந்து காலில் கொட்டும். கையுறை தருகிறார்கள், ஆனால் போத்தல் துண்டு கையுறையைப் பார்த்து நிற்பதில்லை. அப்பாவின் வலது உள்ளங்கையில் மூன்று தழும்பு இருக்கிறது. 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சலில் ஆட்கள் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளத் தண்ணீருக்குள் காலில் காயத்தோடு நின்றால் என்ன நடக்கும் என்று பொது சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து சொன்னார். அந்தத் தண்ணீருக்குள் நின்று உங்கள் மதகில் சிக்கிய பைகளை இழுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்று இரவு அவருக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை. நல்ல வேளை, சாதாரணக் காய்ச்சல்.

கிழமைக்கு ஒரு தரம் போதாது என்பது உண்மை. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். உக்கும் குப்பைக்கு இரண்டு தரம், பிளாஸ்ரிக்குக்கும் போத்தலுக்கும் மாதத்தில் இரண்டு தரம் என்று பிரித்தால் இருக்கிற உழவு இயந்திரங்களே காணுமாம். ஆனால் எல்லாம் ஒன்றாகக் கட்டித் தந்தால் அப்படி ஓட முடியாது. மீன் செதிலைத் தனியாக வையுங்கள், போத்தலைத் தனியாக வையுங்கள். இரண்டு வாளி. அவ்வளவுதான் கேட்கிறோம்.

கலந்து போகிற குப்பை கடைசியில் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். குப்பை கொட்டுகிற கல்லுண்டாய் வெளியில் நெருப்புப் பிடித்தால் அந்தப் பக்கத்துச் சனம் வாசலைத் திறக்க முடியாது. 2017 ஏப்ரல் 14, புதுவருடத்தன்று கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லயில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. கலந்து கொட்டிக் கொட்டி உயர்த்தினதுதான் அது.

சந்திக்கடை:
தம்பி, அப்பாவுக்கு அப்படி என்று தெரியாமல் எழுதிவிட்டேன். இரண்டு வாளி வைக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்கிறேன், 2025 நவம்பரிலிருந்து சொப்பிங் பைக்குக் காசு வாங்கத் தொடங்கிய பிறகு பாதிப்பேர் கூடையோடுதான் வருகிறார்கள், ஆட்கள் பழகுவார்கள்.

ஆனால் இரண்டு தரம் வரவேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன். அறிவித்தலில் எங்கள் பங்கு மட்டும் எழுதியிருக்கிறது. வண்டி எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று சபையின் பங்கையும் எழுதி ஒட்டட்டும்.

ரொறன்ரோ வளவு:
வடலி சொன்ன அந்த வெறும் வளவு எங்களுடையது. யாரும் பெயர் சொல்லவில்லை, ஆனாலும் பதில் சொல்லவேண்டியது என் பொறுப்பு.

அது சீதனக் காணி இல்லை, அப்பா உழைத்து வாங்கினது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்து இருக்கவில்லை. பள்ளக்காணி என்பதால் 2014இல் ஆள் பிடித்துக் கிறவல் கொட்டி உயர்த்தினோம். அதற்குள்ளால் வாய்க்கால் போனது எங்கள் காணி உறுதியில் இல்லை, யாரும் வந்து சொல்லவும் இல்லை. பிறகு என்ன நடந்தது? ஊரெல்லாம் குப்பையை என் மதிலுக்கு மேலால் எறிந்தார்கள். நுளம்பு பெருகுகிறது, துப்புரவாக்கு என்று எனக்குத்தான் அறிவித்தல் வந்தது. இரண்டு தரம் காசு அனுப்பித் துப்புரவாக்கினேன், மூன்றாம் மாதம் பழையபடி. வெளிநாட்டுக்காரரின் காணி என்றால் ஊருக்குப் பொதுக் குப்பைத்தொட்டியா? அது எனக்கு மிகவும் கவலை.

வடலி:
அண்ணை, உங்கள் வளவுக்குள் எறிந்தது பிழை. எங்கள் வீட்டிலிருந்து போகவில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் எறிகிறவர்களைக் கண்டும் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

உறுதியில் இல்லாவிட்டாலும் தண்ணீர் அந்த வழியால்தான் போனது. தெற்கு எல்லையோரம் மூன்றடி விட்டால் போதும். உங்கள் காணிக்கு அது பெரிய இழப்பா?

மேட்டுவளவு:
காலையில் சிலாப்புக்குக் கீழே தடி விட்டுப் பார்த்தேன். ஐயா சொன்னது சரி, ஆறு அங்குலக் குழாய்தான், அதிலும் பாதிக்கு மேல் மண். எனக்கே வெட்கமாக இருக்கிறது. உடைக்கச் சொன்னால் உடைக்கிறேன். ஆனால் பதினொரு பேரும் உடைக்கவேண்டும், நான் மட்டும் உடைத்தால் பலன் இல்லை. உடைத்தால் அம்மாவின் கதிரை எதன்மேல் போவது என்பதற்கும் பதில் வேண்டும். ஒதுக்கீடு திரும்பிப் போகக்கூடாது என்பதில் இன்னும் நிற்கிறேன்.

பழைய தொ.உ.:
முழுச் சிலாப் தேவையில்லை. இரண்டடி அகலத் துண்டுகளாக வார்த்து, தூக்கக் கொளுக்கி வைத்துப் போடுங்கள். கதிரையும் போகும், மோட்டார் சைக்கிளும் போகும். வருடத்தில் ஒருதரம், புரட்டாதிக்கு முதல் தூக்கித் துப்புரவாக்கலாம். கொங்கிறீட் வேலையோடு இதையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கோடையில் முடித்துவிடவேண்டும், மாரி தொடங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

ரொறன்ரோ வளவு:
மூன்றடி விடுகிறேன். கேற் திறப்பு ஊரில்தான் இருக்கிறது, ஞாயிறு போய்த் தோண்டிப் பாருங்கள், கூலி நான் தருகிறேன். ஆனால் எழுத்தில் கேட்கவேண்டாம். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு விற்க முடியாது.

வடலி:
எழுத்தில் இல்லாவிட்டால், நீங்கள் விற்ற பிறகு வாங்குகிறவர் மறுபடி கிறவல் கொட்டுவார், அண்ணை. அதற்கு நான் சம்மதிக்க முடியாது. ஞாயிறு காலை ஆறரைக்கு மண்வெட்டியோடு வருகிறோம், தோண்டுவோம். எழுத்து விசயத்தை அதற்குப் பிறகு உங்களோடு தொலைபேசியில் கதைக்கிறேன். ஐயா, மட்டம் பார்க்க உங்களால் வரமுடியுமா?

பழைய தொ.உ.:
வருகிறேன். மேசன் பிடிக்கிற தண்ணீர்க் குழாய் ஒன்றை யாராவது கொண்டுவாருங்கள், ஐம்பது அடி இருந்தால் நல்லது.

தோட்டக்காரன்:
என்னிடம் இருக்கிறது. ஆனால் மட்டம் பார்ப்பதைக் குளக்கட்டில் தொடங்குவோம்.