பழைய மெசி 135 உழவு இயந்திரத்தைத் திருத்துவதா, விற்பதா? விளைச்சலும் நெல் விலையும் இப்படி இருக்கையில் ஆலோசனை தேவை

படுவான்கரை_உழவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஐந்து ஏக்கர் வயல் செய்கிறேன். அதில் இரண்டு ஏக்கர் எங்களுடையது, மிகுதி குத்தகைக்கு எடுத்தது. அப்பா காலத்து மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் ஒன்றும் அதன் பின்னால் கொழுவி மூடை ஏற்றும் பெட்டியும் வீட்டில் நிற்கின்றன. வரும் பெரும்போகத்துக்கு முன் அதைத் திருத்துவதா, விற்றுவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்.

2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் எங்கள் வயற்கண்டத்தில் இளம்பயிரின் மேல் நாட்கணக்கில் நின்றது. பள்ளக் காணியில் மறுவிதைப்புச் செய்தோம். மேட்டுக் காணியில் தப்பியதை உரம் போட்டுத் தேற்றினோம். அதனால் ஒரே வரம்புக்குள் முற்றிய கதிரும் பால் பிடித்த கதிரும் கலந்து நின்றன, அறுவடை இயந்திரம் இரண்டையும் சேர்த்தே வெட்டியது. பச்சை நெல்லும் சப்பி எனும் பதரும் கலந்திருப்பதைக் காட்டி, வயலுக்கு வந்த வியாபாரி விலையைக் குறைத்தார். மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குத்தகையும் உரக்கடைக் கடனும் கொடுத்த பின் கையில் மிஞ்சியது சொற்பம்.

இயந்திரம் காலையில் இலகுவில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆன பின் நீலப் புகை தள்ளுகிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் சிறிது நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. கியர் ஒயில் பால்போல் வெளுத்திருக்கிறது. எஞ்சினை முழுமையாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர்; விற்றுவிட்டு இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர் ஒன்று வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். இன்றைய நெல் விலையில் ஐந்து ஏக்கர்காரனுக்குச் சொந்தமாக ஒரு பெரிய இயந்திரம் கட்டுப்படியாகுமா?

செங்கலடி_பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னவற்றில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பழுதுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக்கி ஒரே பெருந்தொகையாக நினைப்பதால்தான் பயம் வருகிறது.

முதலில் எஞ்சின். 135 மாதிரி 1964இல் வந்தது. அதிலுள்ள பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினின் குடும்பமே பின்னர் மெசி 240 மாதிரியிலும் தொடர்ந்ததால், பிஸ்டன், ரிங், லைனர், பெயாரிங் எதற்கும் இன்றுவரை தட்டுப்பாடு இல்லை. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அது எந்த வழியாக எரிகிறது என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை விட்டுவிட்டுத் தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. அப்படித் தள்ளாமல், காலையில் முதல் புகை மட்டும் நீலமாக வந்து பின்னர் தெளிந்துவிட்டால் வால்வுப் பக்கத்தைச் சந்தேகியுங்கள். ஹெட்டை மட்டும் இறக்கினால் வேலை முடியக்கூடும். கம்ப்ரெஷன் அளந்து பார்க்காமல் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது வெளுத்த ஒயில். என் கணிப்பில் இதுவே அவசரமானது. இந்த இயந்திரத்தில் கியர்பெட்டிக்கும் டிஃபரென்ஷலுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். ஹைட்ரோலிக் பம்பும் அதற்குள்ளேயே அமிழ்ந்திருக்கிறது. இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் உழும்போது, பின் அச்சுச் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஓர் இரவு முழுவதும் இயந்திரத்தை அசைக்காமல் சமதரையில் நிறுத்துங்கள். விடியற்காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அடியிலுள்ள வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது என்பதால், இருந்தால் அதுவே முதலில் வரும். அந்த ஒயிலோடு இன்னொரு போகம் உழுதால் பம்பும் பெயாரிங்குகளும் சேர்ந்து போய்விடும்.

எஞ்சினை நிறுத்திய பின்னும் கலப்பை இறங்குகிறதென்றால் கசிவு லிஃப்ட் சிலிண்டரிலோ வால்விலோ இருக்கிறது. அதற்காகப் பம்பை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

சம்மாந்துறை_வட்டை எழுதியது:

வணக்கம் தம்பி. இயந்திரத்தைப் பற்றிப் பட்டறைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் விலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இயந்திரம் கட்டுப்படியாகுமா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

2025 பெப்ரவரி 5ஆம் திகதி நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று அரசாங்கம் விலை அறிவித்தது. மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நமது இரண்டு மாவட்டங்களிலும் அறுவடை மற்றப் பகுதிகளுக்கு முந்தியே தொடங்குவதால், அறிவிப்பு வரும் முன்னரே பலர் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு போகமும் நமக்கு இதுதான் நடக்கிறது, இதைப் பேசாமல் விட முடியாது. விலையைப் போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலேயே, விதைப்பதற்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதை விவசாய அமைப்புகள் எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்த 120 ரூபா, ஈரப்பதன் 14 வீதமாகக் காய்ந்த நெல்லுக்குரியது. மழைக்காலத்தில் அறுவடை இயந்திரம் கொட்டும் நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கலாம். கணக்கைப் பாருங்கள்: 20 வீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 930 கிலோ மிஞ்சும். அதை 120 ரூபாவுக்குக் கொடுத்தால் 111,600 ரூபா. அதாவது வரம்பில் கிடக்கும் ஈர நெல்லின் பெறுமதி, காயவைக்கும் செலவும் ஏற்றுக்கூலியும் கழிக்காமல், கிலோ 111 ரூபாவுக்குச் சற்று மேல். வியாபாரி 105 ரூபா சொன்னால் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அதில் பெரிய நட்டமில்லை. 90 ரூபா சொன்னால் ஒவ்வொரு ஆயிரம் கிலோவிலும் இருபதாயிரத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கிறீர்கள். மூடைக் கணக்கில் கொடுப்பதானால் ஒரு மூடைக்கு 66 கிலோவுக்கு மேல் தராசில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தே கொடுங்கள்.

ஆனால் காயவைக்க வேண்டுமென்றால் நெல்லை வயலிலிருந்து அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும். வட்டை, அதாவது வயல்வெளி முழுவதும் ஒரே கிழமையில் பழுக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் பெட்டி தேவைப்படுகிறது. வாடகைக்குக் கேட்டால் நாளை மறுநாள் என்கிறார்கள். அதற்குள் மேகம் கட்டிவிடும், வியாபாரியின் லொறியோ வரம்போரத்தில் நிற்கும். உங்கள் 135 உழவுக்காக அல்ல, அந்தப் பெட்டிக்காகவே வைத்திருக்கப்பட வேண்டியது. உழவுக்கு யாரையும் கூலிக்குப் பிடிக்கலாம், ஓரிரு நாள் பிந்தினாலும் பயிர் கெடாது. நெல் ஏற்றப் பிந்தினால் விலை வியாபாரியின் கைக்குப் போய்விடும்.

படுவான்கரை_உழவன் எழுதியது:

ஐயா, இந்தக் கணக்கை இப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் காயவைக்க ஒழுங்கான களம் இல்லை. தார் வீதியில் போடலாமா? அடுத்தது, இயந்திரத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நவகிரி_வயல் எழுதியது:

தம்பி, நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்கிறேன். ஐந்து ஏக்கர் மட்டும் ஒரு நான்கு சக்கர இயந்திரத்தைத் தாங்காது. பக்கத்து வயல்களின் நெல்லையும் நியாயமான கூலிக்கு ஏற்றிக் கொடுத்தால்தான் அது தன் செலவைத் தானே தேடும். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்குப் போனபோது, கடன் எடுத்து இயந்திரம் வாங்கியவர்கள் எங்கள் போரதீவுப் பற்றில் எவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்ததும் அதே காலம்தான். ஒருபக்கம் நெல் இல்லை, மறுபக்கம் தவணை. ஆகவே அச்சுச் சீல், ஒயில் இரண்டையும் இப்போது செய்யுங்கள். எஞ்சின் வேலையை அளந்து பார்த்த பிறகு, இந்தச் சிறுபோகம் எப்படிப் போகிறது என்று கண்டு தீர்மானியுங்கள். லேண்ட்மாஸ்டர் வாங்குவதற்கும் இது நேரமல்ல.

தார் வீதி எனக்கு உடன்பாடில்லை. விபத்து ஒரு காரணம். மற்றது, கொதிக்கும் தாரில் நெல் வேகமாகக் காய்ந்தால் உள்ளே அரிசி வெடித்து ஆலையில் குறுணியாகிவிடும். அடுத்த முறை ஆலைக்காரர் உங்கள் நெல்லைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். மேட்டு நிலத்தில் படங்கு விரித்து, இரண்டு விரற்கிடைக்கு மேல் தடிக்காமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் சற்றுக் குவித்து மூடிவைத்தால் வெடிப்புக் குறையும். பல்லால் கடித்துப் பார்ப்பதோடு நிற்காமல், ஈரமானி வைத்திருப்பவரிடம் ஒருமுறை அளந்துவிட்டு அரசாங்க நெல் களஞ்சியத்துக்குக் கொண்டுபோங்கள்; ஈரம் என்று திருப்பி அனுப்பினால் ஏற்றுக்கூலி இரட்டிப்பாகும்.

விளைச்சலைப் பற்றி ஒன்று. மறுவிதைப்பில் பலர் பயத்தால் ஏக்கருக்கு மூன்று புசலுக்கு மேல் விதைநெல் வீசுகிறார்கள். விவசாயத் திணைக்களம் சொல்வது இரண்டு புசல் அளவுதான். அடர்ந்த பயிரும் அதிக யூரியாவும் சேர்ந்தால் அறக்கொட்டியான் பூச்சி அடியில் குடியேறிவிடும். எட்டி நின்று பார்த்தால் பச்சையாகத் தெரியும் வயலில், விலக்கிப் பார்த்தால் தண்டெல்லாம் கபில நிறப் பூச்சியாக இருக்கும். வெள்ளம் வடிந்த வயலில் இதைத் தவறாமல் பாருங்கள்.

படுவான்கரை_உழவன் எழுதியது:

அக்கா, ஐயா, அண்ணன், மூவருக்கும் நன்றி. போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தேன். முதலில் கலங்கல் தண்ணீர் தொடர்ந்து வந்தது, அதன் பிறகே ஒயில் வந்தது. ஒயில் மூடியில் புகை பெரிதாகத் தள்ளவில்லை. இடது பின் சில்லின் உட்பக்கமும் ஒயில் படிந்து கறுத்திருக்கிறது.

செங்கலடி_பட்டறை எழுதியது:

அப்படியானால் எஞ்சினை இப்போதைக்குத் தொட வேண்டாம். இடது அச்சுச் சீல்தான் போயிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். பழைய ஒயிலை முழுவதும் வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, அதையும் ஓர் இரவு வடியவிட்டுப் புதிய ஒயில் ஊற்றுங்கள். கியர் தடியின் அடியிலுள்ள இறப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், மழைத் தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கும்.

சில்லைக் கழற்றும்போது பிரேக் டிரம்மைத் திறந்து பாருங்கள். லைனிங் ஒயிலில் ஊறியிருந்தால் பெற்றோலில் கழுவித் திரும்பப் போட வேண்டாம், புதியதே போடுங்கள். நெல் மூடைகளை ஏற்றிய பெட்டியோடு மண்முனைப் பாலத்தில் ஏறி இறங்கப் போகும் இயந்திரம் அது. பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதெறிப்பான்கள் இரண்டும் பூட்டிவிடுங்கள்.