சாம் லாய்டின் ‘எக்செல்சியர்’ புதிர்: பி2 சிப்பாயை ஏன் முதலில் நகர்த்த வேண்டும்?

கேள்வி – வெள்ளைக்கட்டம்

வணக்கம் நண்பர்களே. வெள்ளை ஐந்து நகர்த்தலில் மேட் செய்ய வேண்டிய (அதாவது, எதிரி ராஜாவைத் தப்ப முடியாத செக்கில் சிக்கவைக்க வேண்டிய) இந்தப் புகழ்பெற்ற சதுரங்கப் புதிரை அமைத்தவர் அமெரிக்கப் புதிர் வல்லுநர் சாம் லாய்டு. அதன் நிலை பின்வருமாறு (கட்டப் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்).

வெள்ளை: ராஜா எச்5, யானைகள் பி5, இ2, குதிரைகள் ஏ1, எச்3, சிப்பாய்கள் பி2, சி2, ஜி3.
கறுப்பு: ராஜா எச்1, யானை சி8, மந்திரி (பிஷப்) டி8, குதிரை ஏ8, சிப்பாய்கள் ஏ3, பி6, பி7, இ3, எஃப்7, எச்7.

கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. இ2 யானை ஜி2, எச்2 கட்டங்களையும், எச்3 குதிரை ஜி1 கட்டத்தையும் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே பி5 யானையை எஃப்5 கட்டத்துக்குக் கொண்டுவந்து, அடுத்ததாக எஃப்1 கட்டத்தில் செக் வைத்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விடையோ பி2 சிப்பாயை பி4 கட்டத்துக்கு நகர்த்தச் சொல்கிறது. யானையின் அவசரத்தை விட்டுவிட்டு மூலையில் கிடக்கும் சிப்பாயை ஏன் தொட வேண்டும்? அந்தச் சிப்பாயே கடைசியில் மேட் செய்கிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பதில் – ஐந்தாம்வரிசை

இந்த நிலையில் வெள்ளை என்ன செய்யலாம் என்று தேடுவதைவிட, கறுப்பு எதைக் கொண்டு தப்பிக்கிறது என்று தேடினால் வழி சீக்கிரம் திறக்கும். யானையை எஃப்5 கட்டத்துக்கு நகர்த்தியதும் கறுப்பு தன் யானையை சி8 கட்டத்திலிருந்து சி5 கட்டத்துக்கு இறக்கிவிடும். அப்போது ஐந்தாம் வரிசையில் வெள்ளை ராஜாவுக்கும் கறுப்பு யானைக்கும் நடுவில் நம் யானை மாட்டிக்கொள்கிறது. வரிசையை விட்டு விலகினால் நம் ராஜாவே செக்கில் விழும் என்பதால் எஃப்1 கட்டத்துக்கு அதனால் இறங்க முடியாது. சி5 யானையை வெட்டினால் பி6 சிப்பாய் திருப்பி வெட்டிவிடும், மேட் செய்ய வேண்டிய யானையும் கையைவிட்டுப் போய்விடும். யானையை டி5 கட்டத்தில் வைத்தாலும் இதே கதைதான்.

ஆக, கறுப்பின் உயிர்நாடி சி5 கட்டம். சிப்பாயை பி4 கட்டத்துக்கு நகர்த்துவதன் முழு நோக்கமும் அந்தக் கட்டத்தைக் காவல் காப்பதே; எட்டாம் வரிசைக்கு ஓடுவது அப்போது யார் நினைவிலும் இருக்க வேண்டியதில்லை.

பதில் – குதிரைமூலை

மேலே நண்பர் சொன்னதைத் தொடர்கிறேன், ஏனெனில் இந்தப் புதிரின் அழகு இரண்டாம் நகர்த்தலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சி5 காவலில் இருந்தாலும் கறுப்பு நேரம் வாங்குவதற்காக யானையை அங்கேயே இறக்கி செக் வைக்கிறது. சிப்பாய் அதை வெட்டுகிறது. வெட்டிய மாத்திரத்தில் பி நெடுவரிசை திறந்துகொள்வதால், பி1 கட்டத்தில் யானையை வைத்து உடனே மேட் என்ற புதிய மிரட்டல் எழுகிறது. அதைத் தடுக்க, ஏ3 சிப்பாயை ஏ2 கட்டத்துக்கு நகர்த்தி பி1 கட்டத்தைப் பிடிப்பது ஒன்றே கறுப்புக்கு வழி. இப்போது நம் சிப்பாய் சி6 கட்டத்துக்கு ஏறுகிறது. அதனால் ஐந்தாம் வரிசையில் யானைக்குப் பாதை கிடைக்கிறது. டி1 அல்லது எஃப்1 கட்டத்தில் மேட் என்ற பழைய மிரட்டல் திரும்பி வருகிறது.

கறுப்பின் மிகச் சிறந்த தற்காப்பு மந்திரியை சி7 கட்டத்துக்குக் கொண்டுவருவது. நம் யானை எஃப்5 போனால் மந்திரி எஃப்4 கட்டத்தில் குறுக்கே நிற்கும்; டி5 போனால் ஜி3 சிப்பாயை வெட்டி, டி1 செக்குக்கு இ1 கட்டத்தில் வந்து தடுக்கும். யானையின் இரண்டு வழிகளையும் ஒரே காய் அடைக்கிறது.

ஆனால் ஏ8 மூலையில் நிற்கும் கறுப்புக் குதிரையைப் பாருங்கள். அதற்கு நகர இருக்கும் கட்டங்கள் இரண்டே: பி6, சி7. முன்னதில் சொந்தச் சிப்பாய், பின்னதில் இப்போது சொந்த மந்திரி. ஆட்டத்தைக் காப்பாற்ற வந்த மந்திரியே குதிரையை அடைத்துவிடுகிறது. நான்காவதாக நம் சிப்பாய் பி7 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு எதை நகர்த்தினாலும், ஐந்தாவதாக ஏ8 குதிரையை வெட்டி ராணியாகிறது. ஏ8 முதல் எச்1 வரையிலான மூலைவிட்டம் முழுவதும் காலி. அந்தக் கட்டங்கள் எல்லாம் வெள்ளை நிறம் என்பதால், கறுப்பு நிறக் கட்டங்களில் மட்டுமே செல்லும் மந்திரியால் குறுக்கே வரவும் இயலாது. பலமுறை பார்த்த பிறகும் இந்த இடம் எனக்கு வியப்பையே தருகிறது.

கேள்வியாளர் – வெள்ளைக்கட்டம்

மிக்க நன்றி. மந்திரி குதிரையை அடைப்பதை நான் கவனித்திருக்கவே இல்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வெள்ளையின் முதல் நகர்த்தலுக்கு மறுமொழியாகக் கறுப்பு யானை சி2 சிப்பாயை வெட்டினால் என்ன ஆகும்? கடைசியில் சிப்பாய் ராணியாகத்தான் ஆக வேண்டுமா?

பதில் – ஐந்தாம்வரிசை

சி2 கட்டத்தில் வெட்டினால் இ2 யானையால் திருப்பி வெட்டக்கூடாது. அது இ2 கட்டத்தை விட்டால் இ3 சிப்பாய் அங்கே இறங்கி இரண்டாம் வரிசையை மறிக்கும், கறுப்பு ராஜாவுக்கு ஜி2 வழி திறந்துவிடும். ஏ1 குதிரையால் வெட்ட வேண்டும். பிறகு ஏ3 சிப்பாய் ஏ2 வரும், நம் யானை டி5 போகும், கறுப்புச் சிப்பாய் ஏ1 கட்டத்தில் ராணியாகி முதல் வரிசையைக் காக்கும். சி2 குதிரை திரும்பிப் போய் அந்த ராணியை வெட்டியதும், ஐந்தாவது நகர்த்தலில் டி1 கட்டத்தில் மேட். கணக்கு இங்கேயும் ஐந்துக்குள் அடங்குகிறது.

லாய்டு இதை 1858ஆம் ஆண்டில் அமைத்தார். அச்சில் வந்தது 1861இல், லண்டன் இதழ் ஒன்றில். எந்தப் புதிரிலும் முக்கிய வழியில் மேட் செய்யும் காயைத் தன்னால் சொல்லிவிட முடியும் என்று அவருடைய நண்பர் டெனிஸ் ஜூலியன் கூறிவந்தாராம். இதில் நிச்சயமாக மேட் செய்யாத காய் எது என்று மட்டும் சொல்லுங்கள் என லாய்டு ஒரு விருந்தைப் பந்தயமாக வைத்தார்; ஜூலியன் கைகாட்டியது பி2 சிப்பாயை. பந்தயத்துக்காகப் பிறந்த புதிராக இருந்தும், சிப்பாயின் ஒவ்வோர் அடிக்கும் அந்தந்த நேரத்தில் வலுவான காரணம் இருப்பதால்தான் இதை நான் வெறும் வித்தையாகக் கருதுவதில்லை.

இரண்டாவது ஐயத்துக்கு: ராணியாக மாற வேண்டிய கட்டாயம் இல்லை. செக் மூலைவிட்டத்தில் விழுவதால் மந்திரியாக மாற்றினாலும் மேட்தான். யானையாகவோ குதிரையாகவோ மாற்றினால் செக்கே விழாது.