இடிக்குப் பயப்படும் சிறுவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பட்டர்வொர்த்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் 6 முதல் 9 வயது வரை 11 பிள்ளைகள். பாட நேரம் 40 நிமிடம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

8 வயதுப் பையன் ஒருவன் இடி இடித்தால் மேசைக்கு அடியில் போய்விடுகிறான். பினாங்கில் இடிக்கா பஞ்சம்! போன வாரம் அங்கிருந்தபடியே கேட்டான்: “டீச்சர், ஜெபம் செய்தும் பயம் போகவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?”

முதல் வாரம் சிறுவன் தாவீது, அவன் வென்ற ராட்சதன் கோலியாத். கோலியாத்தின் உயரமான ஆறு முழமும் ஒரு ஜாணும் எவ்வளவு என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; அவனோ, “தாவீதுக்குத்தான் பயமே இல்லையே” என்றான். அடுத்து, “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்ற சங்கீதம் 56:3ஐ மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒப்பிக்கிறான், கைகள் நடுங்குகின்றன. மூன்றாவதாக, மாற்கு 4இல் இயேசு புயலை அடக்கியது. அது என் தவறு. “ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று” என்று இயேசு சீடர்களிடம் கேட்ட வரியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்கள்.

பைபிளில் நியாயாதிபதிகள் 6இல், கடவுள் சொன்னபடி பாகால் என்ற வேறு தெய்வத்தின் பலிபீடத்தைக் கிதியோன் இடிக்கிறான்; ஆனால் பயந்து, பகலில் செய்யாமல் இரவில்தான். பயத்தோடேயே கீழ்ப்படிந்தவன் என்பதால் இந்தப் பையனுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால், பலிபீடத்தை இடிக்கும் கதையைப் பல மதத்தவர் வாழும் அடுக்குமாடியிலிருந்து வரும் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் இருக்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கிதியோனை நடத்தியவர்கள் எந்தப் பகுதியிலிருந்து தொடங்கினீர்கள்?