எலும்புக் கடத்தலுக்கு வேறு சொல் உண்டா?

ஒலிமானி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய எட்டுப் பக்கக் கையேடு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. காதுத் துளையே இல்லாமல் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கானது. பாடநூலில் வெப்பக் கடத்தல், மின்கடத்தி என்றெல்லாம் இருக்கிறதே என்று நானும் 'எலும்புக் கடத்தல் காதொலிக் கருவி' என்று எழுதிவிட்டேன். வரைவைப் படித்த ஒரு பாட்டி, "எலும்பை எங்கம்மா கடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேரனை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

கருவி செய்வது இதுதான். ஒலி காதுக்குழாயில் நுழைந்து, செவிப்பறையைத் தட்டி, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளைக் கடந்து, நத்தை ஓடுபோல் சுருண்ட உட்காதுக்குப் போக வேண்டும். அந்தப் பாதை இல்லாவிட்டால் கருவி மண்டையோட்டை அதிரவைத்து, ஒலியை நேரே உட்காதில் சேர்க்கிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாக மீள்பட்டையில் கோத்துத் தலையில் கட்டுவோம். கருவியைத் தாங்க மண்டையோட்டில் டைட்டேனியத் திருகு வைப்பது எலும்பு தடித்த பிறகுதான்.

சனிக்கிழமைக்குள் ஒரு சொல் தாருங்கள்.

குற்றியலுகரம் எழுதியது:

அம்மா, முதலில் 'எலும்பு' எதற்கு? 'என்பு' இருக்கிறதே. 'என்புதோல் போர்த்த உடம்பு' என்று குறளிலேயே இருக்கிறது. அந்தக் குறள் 'அன்பின் வழியது' என்றுதான் தொடங்குகிறது. 'வழி'யும் அங்கேயே கிடைத்துவிட்டது! இனிப் புணர்ச்சி. மென்தொடர்க் குற்றியலுகரம் சில இடங்களில் வன்தொடராகும். இரும்பு, இருப்புப்பாதை. கரும்பு, கருப்புவில். அன்பு, அற்புத்தளை. அவ்வாறே என்பு 'எற்பு' ஆகும். ஆக, 'எற்புவழிச் செவித்துணை'.

'கடத்தல்' மீதும் இவ்வளவு கோபம் வேண்டாம். கட என்னும் வேரிலிருந்து கடவு, கடவை, கடவுச்சீட்டு எல்லாம் வந்தன. கடவுளையே அதில் சேர்ப்போர் உண்டு. இதுபற்றி என்னிடம் நாற்பது பக்கக் கட்டுரை இருக்கிறது, வேண்டுவோர் தனிமடலில் கேட்கலாம்.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

ஐயா, நாற்பது பக்கம் பிறகு. 'எற்புவழி' என்று அச்சடித்தால் 'ஏற்பு' என்பதில் கால் விட்டுப்போயிற்று என்று அச்சகத்துப் பையனே திருத்திவிடுவான்.

இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. சிறு வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். சாதாரண மெஷினை மாட்டினால் அதன் அச்சு காதை அடைத்துக்கொள்ளும், பத்து நாளில் மறுபடி வடியும். கழற்றினால் எதுவும் கேட்காது. கடைசியில் மருத்துவர் எலும்பில் வைப்பதைக் கொடுத்தார். காது திறந்தே இருக்கிறது, வடிவதும் குறைந்தது. ஆகவே இது குழந்தைகள் சமாசாரம் மட்டும் இல்லை.

யாராவது 'கேட்புக் கருவி' என்று ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: முப்பது வருடம் 'கேட்பு வரைவோலை' எழுதிய கை இது. எனக்கு அது டிமாண்ட் டிராஃப்ட்தான்.

அதிர்வெண் எழுதியது:

பொறியாளன் என்ற முறையில் ஒரு யோசனை. நம் குரலைப் பதிவு செய்து கேட்டால் யாரோ பேசுவதுபோல் இருக்கிறது. பேசும்போது நம் குரல் எலும்பின் வழியாகவும் உள்ளே வருகிறது, பதிவில் அது இல்லை. ஆக, எலும்பால் கேட்பது எல்லோருக்கும் பழக்கம்தான். 'காதிலாக் கேட்பி' என்று வைத்தால் சுருக்கமாக, கவர்ச்சியாக இருக்கும். (காசாளர் ஐயா மன்னிக்க.)

ஒலிமானி எழுதியது:

தம்பி, கவர்ச்சிதான் ஆபத்து. எலும்பு கேட்பதில்லை, சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். கேட்பது உட்காது. 512 அதிர்வெண் இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கிறோம், பிறகு காதருகே பிடிக்கிறோம். எலும்பில் வைத்தபோதுதான் சத்தமாக இருந்தது என்றால் பழுது பெரும்பாலும் வெளிக்காதிலோ நடுக்காதிலோ. அவர்களுக்கு இந்தக் கருவி பொருந்தும். உட்காதிலும் கொஞ்சம் பழுது சேர்ந்திருந்தால், அது எவ்வளவு என்று அளந்துதான் சொல்ல முடியும். ஒரு காது முழுச் செவிடாகி மறுகாது நன்றாக இருப்பவர்களுக்கும் உதவும்: செவிட்டுப் பக்கம் வைத்தால் அதிர்வு மண்டையோட்டைத் தாண்டி நல்ல உட்காதுக்குப் போய்விடும். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது அப்போதும் பிடிபடாது.

இரண்டு உட்காதும் அறவே செயலிழந்த குழந்தைக்கு இதை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. அங்கே காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை செய்து உட்காதில் பொருத்தி நரம்பை நேரே தூண்டும் கருவி, பற்றித்தான் பேச வேண்டும். 'காதிலாக் கேட்பி' என்று போட்டால் முதலில் வந்து நிற்பவர்கள் அந்தப் பெற்றோர்தான். அவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை என்னுடையது.

வடமராட்சியான் எழுதியது:

அக்கா, எங்கள் பக்கத்தில் 'கடத்தல்' என்பதைச் சிரித்துக்கொண்டு சொல்ல ஏலாது. கையேடு இங்கேயும் வருமென்றால் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கோ.

காற்றுவழி, எலும்புவழி என்று சோடியாக வைத்தால் என்ன? உங்கள் பரிசோதனைத் தாளிலும் அந்த இரண்டு கோடுகள்தானே இருக்கின்றன.

குற்றியலுகரம் எழுதியது:

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. அப்போது கிடைத்தது இது! 'கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி.' தோட்கப்படாத என்றால் துளைக்கப்படாத. தொள், தொளை, துளை, தோட்டல். காதுத் துளையின்றிப் பிறத்தலுக்கு 'தோளாச் செவி' என்று இதைவிடப் பொருத்தமான சொல் உலகில் எந்த மொழியிலும்

ஒலிமானி எழுதியது:

ஐயா, மடல் பாதியில் அறுந்து வந்திருக்கிறது, மீதியை அனுப்ப வேண்டாம். சொல் அழகுதான். ஆனால் அந்தக் குறள் நல்லதைக் கேளாதவனைத் திட்டுகிறது. மூன்று மாதக் குழந்தைக்கு அதை ஒட்டினால், தமிழ் படித்த தாய் ஒருத்தி என் முகத்தில் விசிறி எறிவாள். நானாக இருந்தாலும் எறிவேன்.

அதிர்வெண் எழுதியது:

சரி, கேட்பியை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு சிக்கல். கருவியின் பெயரில் 'கடத்தல்' போய்விட்டால், இந்தப் பாதைப் பழுதால் வரும் செவிட்டுத்தன்மைக்கு என்ன பெயர்? அதைக் 'கடத்தல் வகைக் கேளாமை' என்கிறோம். கருவிக்கு ஒரு வேர், நோய்க்கு ஒரு வேர் என்றால் பத்தாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளை எப்படி இரண்டையும் இணைக்கும்? பாட்டி பயந்தார் என்பதற்காக அறிவியலில் ஒரு குடும்பத்தையே பிரிக்க வேண்டுமா?

வடமராட்சியான் எழுதியது:

வழி இருக்கிறதே. 'வழியடைப்புக் கேளாமை'.

அதிர்வெண் எழுதியது:

அங்கவடி எலும்பு இறுகிப்போய் அசையாமல் நிற்கும் ஒரு நோய் உண்டு. அங்கே வழி எங்கே அடைபட்டது? கதவு திறந்துதான் கிடக்கிறது, கீல்தான் துருப்பிடித்திருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

திருகு வைக்கும் கருவி பிறந்த சுவீடனில் பெயருக்கு எப்படிச் சமாளித்தார்களோ. அங்கே பிரேனமார்க் என்ற ஆய்வாளர் டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டார், 1977-இல் கோத்தன்பர்க்கில் அதைக் காதுக்குப் பின்னால் திருகினார்கள். அதற்குள் நாம் ஒரு பெயரையாவது வைத்திருக்கலாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. 'எலும்புவழிக் காதொலிக் கருவி'. அரசு விண்ணப்பத்தில் காதொலிக் கருவி என்றுதான் இருக்கிறது, முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் போதும். என் வாக்கு அதற்கு.

வடமராட்சியான் எழுதியது:

எனக்குச் 'செவிப்புலன்' வந்தால் நல்லது. வராவிட்டாலும் சரி, ஆதரவு.

அதிர்வெண் எழுதியது:

கருவிக்கு ஆதரவு. நோய்ப் பெயருக்கு எதிர்ப்பு, பதிவு செய்துகொள்ளவும்.

ஒலிமானி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அட்டையில் காசாளர் ஐயா சொன்னதே போகிறது. உள்ளே நோய்க்குப் பெயரே வைக்காமல், 'ஒலி உட்காதுக்குப் போய்ச் சேராததால் வரும் கேளாமை' என்று நீட்டி எழுதிவிட்டேன். ஒரு வரி கூடியது, அங்கவடிக்கும் பொருந்தும். மெய்ப்புப் படியை இணைத்திருக்கிறேன்.

குற்றியலுகரம் எழுதியது:

மெய்ப்பு பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் 'எலும்புவழி காதொலி கருவி' என்று இருக்கிறது, இரண்டு ஒற்றும் விழுந்துவிட்டன. எற்பைத்தான் விட்டீர்கள், ககர மெய்யையாவது விடாதீர்கள். தோளாச் செவி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.