குவாரிக்குள் கப்பல் – மாங்காட்டு வீட்டுக் குழுவில் ஞாயிறு இரவு

கார்த்தி, 9:12: (படம்) இன்று காலை எடுத்தது. பச்சையாகத் தெரிவது கப்பலின் முன்பக்கம்.

அம்மா, 9:14: எந்தக் கடல்? போகிறேன் என்று சொல்லவே இல்லையே.

கார்த்தி, 9:15: கடல் இல்லைம்மா. இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்தில் ஸ்டோனி கோவ். பழைய கிரானைட் குவாரி. 1958ல் வேலையை நிறுத்தினார்கள், ஊற்றுத் தண்ணீர் ஏறி நிறைந்துவிட்டது.

அம்மா, 9:15: கல்குவாரியா! சிக்கராயபுரம் குவாரிப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்று சொல்லி வளர்த்தேனே.

அக்கா, 9:16: எட்டாவது படிக்கும்போது போய் அடி வாங்கினானே, அதையும் சொல்லும்மா.

மாமா, 9:18: அந்தத் தண்ணீரைத்தானே 2017 பஞ்சத்தில் சுத்திகரித்து நமக்குக் கொடுத்தார்கள். அது கிடக்கட்டும். குவாரிக்குள் கப்பல் எப்படி மருமகனே?

கார்த்தி, 9:21: டைவிங் செய்பவர்கள் பார்ப்பதற்காகவே மூழ்கடித்தது மாமா. ஸ்டேன்கார்த் என்று பெயர், 1910ல் கட்டிய இழுவைப் படகு. 2000ல் உள்ளே இறக்கினார்கள். இப்படி எதையாவது மூழ்கடிப்பதற்கு முன் எண்ணெயை வடித்துவிட்டு, ஆள் மாட்டிக்கொள்ளும்படி இருப்பதையெல்லாம் கழற்றிவிடுவார்கள். 22 மீட்டரில் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு விமானத்தின் மூக்கும் கிடக்கிறது.

அம்மா, 9:22: 22 மீட்டர் என்றால் எவ்வளவு?

அக்கா, 9:22: ஏழு மாடி.

கார்த்தி, 9:22: நன்றி அக்கா.

மாமா, 9:24: ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும்?

கார்த்தி, 9:29: ஆக்சிஜன் இல்லை மாமா, சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைப்பார்கள். 22 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று போகும். அரை மணி நேரம் வந்தாலே பெரிசு. முதல் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதனால் அடுத்த பயிற்சியும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அம்மா, இதைக் கவனி.

அம்மா, 9:30: கவனித்தேன். குளிர்?

கார்த்தி, 9:35: மேலே 14 டிகிரி. கொஞ்சம் இறங்கினால் கோடு கிழித்த மாதிரி ஒரு இடம், அதற்குக் கீழே 9. உடம்பில் தண்ணீரே படாத டிரை சூட் போட்டிருந்தேன், உதடு மட்டும் மரத்துப்போச்சு. கப்பலைப் பார்த்த சந்தோஷத்தில் காலை மேலும் கீழும் உதைத்துவிட்டேன். அடியில் இருந்த சேறு கிளம்பி ஒன்றுமே தெரியவில்லை, என் கையே தெரியவில்லை. பயிற்சியாளர் என் சிலிண்டரைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். தவளை மாதிரி உதைக்க வேண்டும் என்று பத்து தடவை சொல்லியிருந்தார்.

அம்மா, 9:36: இதற்குத்தான் சொன்னேன்.

அக்கா, 9:36: இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ.

அம்மா, 9:38: நாளை ராத்திரி விமானம் இருக்கிறதே. உடம்பு தாங்குமா?

கார்த்தி, 9:41: அதற்குக் கணக்கு இருக்கும்மா. ஆழத்தில் உடம்புக்குள் ஏறும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். உடனே பறந்தால் குமிழியாகிவிடும். இரண்டு தடவை மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். எனக்கு ஒரு நாளுக்கு மேலேயே இடைவெளி இருக்கிறது. மேலே வரும்போதும் 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுதான் வந்தேன்.

அம்மா, 9:42: சரி, தீபாவளிக்கு முழுசாக வந்து சேர்.

மாமா, 9:43: 👍

கார்த்தி, 9:44: மாமா, தண்ணீருக்குள் கட்டை விரலைக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நல்லா இருக்கேன் என்பதற்கு வேறு சைகை.

மாமா, 9:47: 👌

அம்மா, 9:48: மேலேயே இருக்கட்டும். 👍👍👍